நிற்க விடாதே என்று நீ சொன்ன கடிகாரம்

உன் கடிகாரத்தில் இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வயிற்றில் ஒற்றைப் புள்ளி வைத்த கொக்கி மாதிரி ஓர் எழுத்தில் ஆரம்பிக்குமே, அந்தக் கிழமை. உன் தம்பி சவுதியில் வாங்கியது என்பதால் கிழமையை அரபியில் காட்டுகிறது. ஏழு நாளையும் நீ எழுத்தாகப் படிக்கவில்லை, பொம்மை பொம்மையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாய். எனக்கு முதலில் காட்டிக் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமையை. "இந்த உருவம் வந்தா லீவுடி, கண்டுக்க," என்றாய்.

வேலைக்குக் கிளம்பும் முன் வழக்கம்போல அதைக் காதில் வைத்துக் கேட்டேன். ஓடுகிறது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது, எட்டு மாதமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மற்ற நாளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். இன்றைக்கு வரவில்லை. கோபம்தான் வந்தது. காரணம் உன் வீட்டுக்காரர்.

புதன்கிழமை சாயங்காலம் வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். மழை வருமா வராதா என்று கொஞ்ச நேரம் பேசினார். கண் மட்டும் என் கையிலேயே இருந்தது. பிறகு சொன்னார்: "யக்கா, அந்த வாட்சு எங்க வூட்டுப் பொருளு. குடுத்துடுங்க. பாப்பாவ பொண்ணு பாக்க வராங்க. முடிவாச்சின்னா, வர மாப்பிள்ளைக்கு அத போட்டுடலாம்னு இருக்கறேன். ஃபாரின் வாட்சு, நமக்கும் ஒரு மரியாத."

"எந்த வாட்சு? ஆத்துல வுடப் போனீங்களே, அந்த வாட்சா?" என்று கேட்டேன்.

கொஞ்சம்கூட முகம் மாறவில்லை அவருக்கு. "அப்பத் தெரியலக்கா. இப்பத்தான் மங்கலம்பேட்டையில ஒருத்தரு சொன்னாரு. அது ஆட்டோமேட்டிக்காம். பேட்டரியே வாணாமாம். எம்மாங் காலமானாலும் ஓடுமாம்."

"அது உங்க பொண்ணுக்குன்னு வெச்சிருக்கறேன். அவ அம்மா சொல்லிட்டுப் போனது."

"ஆம்பள வாட்சுக்கா அது. பொட்டப்புள்ள கைக்கு எதுக்கு அம்மாம் பெருசு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சொம்பை எடுத்து வீசியிருப்பேன். வீசவில்லை. "ஞாயித்துக்கிழமை வாங்க. பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க," என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு ஆத்திரம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. யாரிடம் சொல்லி ஆற்றுவது? கேட்பதற்கு நீதான் இருந்தாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பொருள் என்கிறாரே, அது எப்படி உன் கைக்கு வந்தது என்று அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. உன் தம்பி முதல் லீவில் வந்தபோது அக்காவுக்கு ஒரு சேலையும் மாமாவுக்கு இந்தக் கடிகாரமும் கொண்டுவந்தான். மாமா அதை வெல்வெட் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். கல்யாணம், காதுகுத்து என்றால் வெளியே எடுத்துக் கட்டுவார். வீடு திரும்பியதும் துடைத்துப் பூட்டிவிடுவார். நல்ல பொருளுக்கு நம் ஊரில் காட்டுகிற மரியாதை அதுதானே. பீங்கான் கப் செய்து லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். நம் வீட்டில் இருக்கிற நாலு கப்பும் ஷோகேஸில் தூசி படிந்து கிடக்கும், நாம் எவர்சில்வர் டம்ளரில் டீ குடிப்போம்.

பூட்டி வைத்த கடிகாரம் ஒவ்வொரு தடவையும் நின்றுபோயிருந்தது. பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்தில் யாரோ மணி கேட்க, இவர் கையைத் திருப்பிப் பார்த்துப் பெருமையாகச் சொன்ன மணி, முந்தின முகூர்த்தத்தன்று நின்றுபோன மணி. பந்தியே சிரித்ததாம். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி உன் மடியில் எறிந்தார். "உன் தம்பி டூப்ளிகேட்ட வாங்கியாந்து என் தலையில கட்டிட்டான். நீயே கட்டிக்க, இல்ல குப்பையில போடு." மறுநாள் நீ அதைக் கட்டிக்கொண்டு நம் பீங்கான் ஷெட்டுக்கு வேலைக்கு வந்து, நடந்ததை அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாய். அன்றைக்கு அவர் தன் வாயாலேயே உனக்குக் கொடுத்தார். அது முதல் தடவை.

உன் கையில் அது நிற்கவில்லை. ஒரு வாரம் பார்த்தோம், நிற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாலக்கரை வாட்ச் கடைக்குப் போனோம். ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு ஸ்டூலும்தான் கடை. கடைக்காரர் பின்பக்க மூடியைத் திருகித் திறந்து காட்டினார். உள்ளே அரை வட்டமாக ஒரு கனத்த தகடு. கடிகாரத்தை இப்படி அப்படிச் சாய்த்தால் அது சரக்கென்று சுழன்றது. "பாதி அப்பளம் மாதிரி இருக்குதுடி," என்றாய் என் காதில்.

அவருக்குக் கேட்டுவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த அப்பளந்தாம்மா எல்லாத்தையும் பண்ணுது. நீங்க கைய அசைக்கறீங்க, அது சுத்துது. அது சுத்தினா உள்ள இருக்கற ஸ்பிரிங்கு இறுகுது. ஸ்பிரிங்கு கொஞ்சங் கொஞ்சமா தளர்றப்ப முள்ளு ஓடுது. பேட்டரியும் கெடையாது, சாவியும் கெடையாது."

"நாள் பூரா கைய ஆட்டுற வேலைங்க எங்களுக்கு. ரொம்ப இறுகி அறுந்துபோவாதா?" என்று கேட்டாய்.

"முழுசா இறுகிட்டா அதுவா வழுக்கி வுட்டுடும்மா. நீங்க எவ்ளோ வேலை செஞ்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது. கழட்டி சும்மா வெச்சாத்தான் ஒண்ணர நாள்ல, ரெண்டு நாள்ல நின்னுடும். நின்னாலும் கெட்டுப்போச்சின்னு இல்ல. எடுத்து நாலு ஆட்டு ஆட்டுங்க, ஓடும்."

கிழமையை ஆங்கிலத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாய். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பாதி வழியில் சொன்னாய்: "பீரோவுல பூட்டி வெச்சா எதுடி ஓடும்?" நான் உன் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். என் வீட்டுக்காரர் செத்த பிறகு என்னை இரண்டு வருஷம் வீட்டு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உன் பக்கத்தில் பலகையில் உட்கார வைத்தவள் நீ. அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பாதியும் சேரும் ஒட்டுக்கோட்டைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற வேலை. ஒரு நாளில் எத்தனை நூறு தடவை கை திரும்பும்! ஈர மண்ணில் கடிகாரம் கீறக்கூடாது என்று அதை முழங்கைக்குப் பக்கத்தில் ஏற்றி விட்டுக்கொண்டு வேலை செய்வாய். கை ஓட ஓட அதுவும் ஓடியது.

அதற்கப்புறம் அந்தக் கடிகாரம் நம் எல்லோருக்குமே கடிகாரம் ஆகிவிட்டது. காலையில் வந்ததும் போன்களைக் கேட்டில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். உள்ளே மணி என்றால் சுவர்க் கடிகாரம் சொல்வதுதான். சாப்பாட்டு நேரத்தில் வேகமாகவும் சாயங்காலத்தில் மெதுவாகவும் ஓடுகிற அதிசயக் கடிகாரம். கேட்டால் சூப்பர்வைசர், "பேட்டரி வீக்கு," என்பார். இரண்டு வருஷமாக வீக். ஒரு பேட்டரி வாங்கிப் போட ஆளில்லை.

நீ ஒரு நாள் ஐந்தரைக்கு எழுந்து போய்க் கை கழுவினாய். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "சுவத்துல அஞ்சு இருவதுதான ஆவுது?"

"சுவத்துக்கு என்னா சார், அதுக்கு வூட்டுக்குப் போவ வேண்டியதில்ல. எங்களுக்கு இருக்குது," என்றாய்.

பதினான்கு பேரும் எழுந்தோம். அந்தச் சத்தம், பதினான்கு பலகை ஒன்றாகத் தரையில் தேய்ந்த சத்தம், இப்போதும் எனக்குக் கேட்கிறது. அதற்குத் தண்டனையாக அடுத்த வாரமே உன்னைப் பொம்மைக்கான மண்கூழ் கரைக்கும் பக்கம் மாற்றினார்கள். மண்கூழில் இரும்புத் துகள் கலந்திருந்தால் சூளையில் வெந்த பிறகு பொம்மையின் முகத்தில் கரும்புள்ளி விழும். அதற்காகக் கூழைக் காந்தக் கம்பிகளுக்கு நடுவே விடுவார்கள். அந்தக் கம்பிகளைக் கழற்றித் துடைப்பது உன் வேலை. கடிகாரத்தோடு கையை உள்ளே விட்டாய். காந்தம் அதைப் பிடிக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காலையில் போனைப் பார்த்துச் சரியாக வைத்தாலும் சாயங்காலத்துக்குள் பத்து நிமிஷம் முந்தத் தொடங்கியது. அது தெரியாமல் இரண்டு நாள் எல்லோரும் பத்து நிமிஷம் முன்னதாக எழுந்துவிட்டோம். சூப்பர்வைசர் தன் போனை உன் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்தியா, ஓட்ட வாட்ச கட்டிக்கிட்டு சட்டம் பேசறா," என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

பாலக்கரைக்காரர் ஒரு சின்னப் பெட்டிமேல் வைத்து எடுத்துக் காந்தத்தை இறக்கிக் கொடுத்துவிட்டார். ஒரு நிமிஷ வேலை. ஆனால் நீ என்ன செய்தாய்? அடுத்த இரண்டு நாளும் நாங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு தனியாக உட்கார்ந்து பத்துப் பத்து நிமிஷம் வேலை செய்துவிட்டு வந்தாய். "நம்ம தப்பு நம்மளோடது," என்றாய். நான் உன்னைத் திட்டினேன். இப்போதும் திட்டுகிறேன். இரண்டு வருஷம் நம் நேரத்தைத் தின்ற அந்தச் சுவர்க் கடிகாரம் ஒரு நாளாவது நமக்காக உட்கார்ந்ததா? மன்னிப்பு கேட்பது ஏன் எப்போதும் வேலை செய்கிறவர்கள் தலையிலேயே விழுகிறது?

பிறகு நெஞ்சு வலி வந்தது உனக்கு. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். சேர்க்கும்போது வளையல், கம்மல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு கவரில் போட்டு உன் நாத்தனாரிடம் கொடுத்தார்களாம். மூன்றாம் நாள் நான் வந்தேன். படுத்திருந்தாய், பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டாய். அடுத்தது கடிகாரத்தைத்தான் கேட்டாய். "அது இந்நேரம் நின்னுருக்கும்டி. வாங்கி நீ கட்டிக்க. பாப்பா நர்சு படிப்பு முடிச்சி வேலைக்குப் போறப்ப அவ கையில கட்டு. அவளுக்கு நாடி பாக்க நொடி முள்ளு வேணும். அதுவரைக்கும் நிக்க வுடாத."

வெளியே வந்து உன் நாத்தனாரிடம் கேட்டேன். கவரைத் திறந்து பார்த்தோம். நாலு பத்தில் நின்றிருந்தது. "அதுக்கு என்னா இப்ப அவசரம், பொறவு பாக்கலாம்," என்று கவரை மடித்து வைத்துக்கொண்டாள். அடித்துப் பிடுங்கியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வராண்டாவில் என்ன சண்டை என்று விட்டுவிட்டேன். என்மேல் எனக்கிருக்கிற கோபம் அது ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் காலை ஏழே முக்காலுக்கு நீ போனாய். பக்கத்தில் நான் இருந்தேன், எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உன் நாத்தனார் கதை கட்டிவிட்டாள். "பாருங்க, நாலு பத்து. அவ உசுரு போன நேரம். வாட்சும் கூடவே நின்னுடுச்சி." துக்கத்துக்கு வந்தவர்கள் உன் முகத்தைப் பார்த்துவிட்டு வரிசையாக அந்தக் கடிகாரத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். "அது ஆறு நாளைக்கு முன்னாடியே நின்னுடுச்சி, யாரும் கட்டல, அதனால நின்னுச்சி," என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உயிர் போன கதை எல்லோருக்கும் ருசியாக இருந்தது. ஸ்பிரிங் கதை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

கருமாதி அன்று மணிமுத்தாற்றங்கரையில் ஒரு தட்டில் உன் சீப்பு, கண்ணாடி வளையல், நடுவில் கடிகாரம். "ஆத்தோட வுட்டுடுங்க, வூட்டுல வெக்க வாணாம்," என்றாள் நாத்தனார். உன் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கினார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துவிட்டேன். நாலு ஆட்டு ஆட்டினேன். முள் ஓடியது. உயர்த்திக் காட்டினேன்.

"ஐயையோ, அவ வந்துட்டா!" என்று நாத்தனார் பின்னால் போய் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ வரல. அப்பளம் சுத்துது," என்றேன். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அங்கே யாருக்கும் புரியவில்லை. துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரர் கும்பிட்டுவிட்டு, "நீங்களே கொண்டுபோங்கக்கா. எங்க வூட்டுப் படி ஏத்தாதீங்க," என்றார். வாயால் கொடுத்தது அது இரண்டாவது தடவை. உன் மகள் ஓர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து இதை நிற்க விடவில்லை. போன மாதம் காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தபோதுகூடப் போர்வைக்குள்ளிருந்து மணிக்கொரு தரம் கையை நீட்டி ஆட்டினேன். ஜன்னி கண்டுவிட்டது என்று பயந்து என் மருமகள் டாக்டருக்குப் போன் போட்டாள். இவ்வளவு பாடுபட்டு ஓட வைத்ததை, ஊர் பேர் தெரியாத ஒருத்தன் கையில் மரியாதைக்குக் கட்டிவிட வேண்டுமாம். அவன் என்ன செய்வான்? பீரோவில் வைத்துப் பூட்டுவான்.

வெள்ளிக்கிழமை இந்த இடத்தில் நிறுத்தினேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. மிச்சத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். பாப்பாவுக்கு நாளையிலிருந்து திட்டக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. இளைத்திருக்கிறாள், உன் மாதிரியே நெற்றியைச் சுருக்குகிறாள். நான் கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நீ சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னேன்.

உன் வீட்டுக்காரர் கேட்டார்: "அவ அப்படிச் சொன்னான்றதுக்கு சாட்சி யாருக்கா?"

இருபத்திரண்டு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவளிடம் சாட்சி கேட்கிறார்! "பெண்ணாடத்துப் பந்தியில சிரிச்சாங்களே, அவங்கள கூப்புடட்டுமா? ஆத்தங்கரையில மணல்ல உக்காந்தாங்களே உங்க அக்கா, அவங்கள கூப்புடட்டுமா? ஓடாதுன்னா அவளோடது, ஓடுதுன்னா உங்களோடதா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"சாட்சி நான் இருக்கறேம்பா," என்றாள் பாப்பா. சத்தமே போடவில்லை. "அம்மா சொன்னப்ப வார்டு கதவுகிட்ட மருந்து சீட்ட வெச்சிக்கிட்டு நின்னுருந்தேன். மாப்பிள்ளைக்கு வேணும்னா வேற வாங்கிக்கலாம். வர்றவரு என் கையப் புடிக்கறது எப்பவோ. எனக்கு நாளைக்குக் காலையிலயே இருவது பேரு கையப் புடிச்சிப் பாக்கணும்."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னமோ பண்ணுங்க, எடுத்துக்க," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்க வெளியே போனார். மூன்றாவது தடவையும் அவர் வாயாலேயே கொடுத்துவிட்டார். இனி அவரே கேட்டாலும் கிடைக்காது.

பாப்பா கட்டிக்கொண்டாள். மணிக்கட்டில் தொளதொளவென்று சரிந்தது. யாரும் சொல்லாமலே அதை முழங்கைப் பக்கம் ஏற்றி விட்டுக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி என் கையை இழுத்து, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். "ஒரு நிமிசம் பேசாம இருங்க பெரிம்மா." நொடி முள் சுவர்க் கடிகார முள் மாதிரி குதிக்காமல் வழுக்கிக்கொண்டே போனது. அது ஒரு சுற்று முடிக்கும்வரை உன் மகள் உதட்டுக்குள் எண்ணினாள்.

"தொண்ணூத்தாறு. படபடன்னு அடிக்குது. இன்னும் யாரு மேல கோவம்?"

பட்டியலை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு நாளைக்கு வேலை இருக்கிறது.

இதை எழுதும்போது என் கை வெறுமையாக இருக்கிறது. மணி என்னவென்று தெரியவில்லை. கோபம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கும் பேட்டரியும் கிடையாது, சாவியும் கிடையாது. ஷெட்டில் அதே சுவர்க் கடிகாரம்தான் இன்றைக்கும் மாட்டியிருக்கிறது. ஆனால் உன்னோடு சேர்ந்து ஐந்தரைக்கு எழுந்து எழுந்து என் உடம்புக்கே அந்த நேரம் தெரிந்துவிட்டது. நாளைச் சாயங்காலம் கையில் ஒன்றும் இல்லாமல் முதல் ஆளாக எழுந்துபோய்க் கை கழுவப் போகிறேன். பேட்டரி வீக் என்று அந்த ஆள் ஆரம்பிக்கட்டும், பார்க்கலாம்.